புல்தரையில் மஞ்சள் திட்டுகள்

ஒரு விடுகதை போடுகிறேன், தம்பி. பதில் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள். கால் வைத்தால் கத்தும், கால் எடுத்தால் வாயை மூடிக்கொள்ளும். அது என்ன?

தெரியவில்லையா? அதன் மேலேதான் நிற்கிறீர்கள். ஜல்லி! இல்லை, இல்லை, நகராதீர்கள். நகர்ந்தால் இன்னொரு தடம் விழும். கார்ச் சக்கரம் போகிற வரி இரண்டு தெரிகிறதல்லவா? இடது பக்கத்து வரியைப் பிடித்து நேராக வாருங்கள். அப்படித்தான். செருப்பை இந்தக் கல்லின் மேல் விடுங்கள்.

இந்த விடுகதை நானே கட்டியது. என் மகள் மிதுனாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவள். "அப்பா" என்றாள். கூப்பிடுகிறாளாக்கும் என்று நினைத்து, "என்ன கண்ணு?" என்றேன். "பதில் சொன்னேங்ப்பா" என்றாள். சமையலறையில் அவள் அம்மா பூங்கொடி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பொரியல் தீய்ந்துவிட்டது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுகதை புரிவதற்கும் ஒரு வயது வேண்டும்.

உட்காருங்கள். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர் நீங்கள்தானே? மூன்று வயதில் பெண் குழந்தை என்று மேஸ்திரி சொன்னார். வாசலுக்கு ஜல்லிப் பாதையும் புல்தரையும் போட வேண்டும், எப்படிப் பராமரிப்பது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். நல்லது. கேட்காமல் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் சிமென்ட் கல் பதிக்கிறவர்கள்தான் இந்தத் தொண்டாமுத்தூர் ரோடு முழுக்க. நான் முழுதாகச் சொல்கிறேன். ஆனால் பாதையைப் பற்றிச் சொல்லும்போது மிதுனாவைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். போன வைகாசி மாதம் இந்த வீட்டில் ஒரு கேள்வி வந்தது. மிதுனா இங்கே என்னோடு இருப்பதா, அம்மாவோடு தாராபுரம் போவதா என்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் பாதை. நான் ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வு செய்கிறவன். இருபத்திரண்டு வருடம். வார்ப்பில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அதனால் எதையும் அளந்துதான் செய்வேன். மேல்மண்ணை ஆறு அங்குலம் வெட்டி எடுங்கள். கிராவல் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்குங்கள். அதற்கு மேல் ஒன்றரை அங்குல ஜல்லி. அதற்கு மேல் முக்கால் ஜல்லி. கடைக்காரர் கூழாங்கல்லைக் காட்டுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும், வாங்காதீர்கள். உருண்டைக் கல் சக்கரத்துக்கு அடியில் உருண்டுகொண்டே இருக்கும். உடைத்த கல்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வாட்டம். தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்கிற சரிவு. மேஸ்திரி, "தெருப் பக்கமா வாட்டம் குடுத்துரலாங்க சார், அதுதான் வழக்கம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதையில் விழுகிற மழை எதற்குத் தெருவுக்குப் போக வேண்டும்? புல்லுக்குப் போகட்டுமே. ரசமட்டத்தை நானே வைத்துப் பார்த்து, பாதையிலிருந்து புல்தரைப் பக்கம் மூன்று அங்குலம் வாட்டம் கொடுத்தேன். இன்றைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தக் கணக்கைத் தாண்டிப் போகாது.

காலையில் ஆறு மணிக்கு வாரியால் இழுத்துவிட வேண்டும். வாரி என்றால் நீளக் கம்பில் இரும்புப் பல் வைத்தது. கேட்டிலிருந்து படி வரை, ஒரே திசையில். மாலையில் வேலை முடிந்து வந்ததும் இன்னொரு முறை. நடுவில் யார் வந்தாலும் தடம் சொல்லிவிடும். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டிலேயே தொங்கவிட்டுப் போவார். பூங்கொடி ஸ்கூட்டரை உள்ளே ஓட்டிக்கொண்டு வந்தால் பள்ளம் விழுகிறது என்று, கேட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். மழைக்காலத்தில் அவள் ஸ்கூட்டருக்குப் பாலிதீன் போர்த்திக்கொண்டே சொல்வாள்: "ஏனுங்க, கோயிலுக்குள்ள போறப்பகூட செருப்பை மட்டுந்தான் வெளிய விடறோம். உங்க வாசலுக்கு வண்டியவே வெளிய விட வேண்டியிருக்குது."

பேச்சு அவளுக்கு அப்படித்தான். அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாயை வைத்துப் பிழைக்கிறவள்.

இப்போது புல். நர்சரியில் கொரியன் புல் என்பார்கள். தரை தெரியாமல் அடர்ந்து வரும். கால் வைத்தால் மெத்தை போல இருக்கும் என்று சொல்கிறார்கள். நான் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தேன், உண்மைதான். நடுவில் கடப்பாக் கல் பதித்திருக்கிறேன், எண்ணிப் பாருங்கள், பதினொன்று. துணி காயப் போடப் போகிறவர்கள் அதன் மேல் போக வேண்டும். என் காலடிக்கு அளந்து போட்டது. மிதுனா ஒவ்வொரு கல்லுக்கும் தாவித் தாவிப் போவாள். குழந்தைகளுக்கு எல்லாமே விளையாட்டு. ஒருமுறை தாவும்போது கால் பிசகி முழங்கை சிராய்த்துவிட்டது. அப்போதும் விழுந்தது கல்லின் மேல்தான். புல்லில் கை ஊன்றவில்லை. அவ்வளவு கவனம் அவளுக்கு.

கோரை முளைத்தால் கிழங்கோடு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுதும் நான் குனிந்து உட்கார்ந்து அதைத்தான் செய்வேன். மிதுனா படியில் உட்கார்ந்து பார்ப்பாள். "அப்பா புல்லுக்குப் பேன் பாக்கறாரு" என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். நான் கயிறு கட்டிப் புல்தரையை மறைத்துவிட்டு, மாடியில் பந்தல் போட்டுக் கொடுத்தேன். ஒரு பெண், நல்ல வாயாடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அங்கிள், பர்த்டே மிதுனாவுக்கா, புல்லுக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். மிதுனாவும் சிரித்தாள் என்றுதான் நினைவு.

அடுத்த வருடம் பிறந்தநாளே வேண்டாம் என்றாள். செலவு வைக்காத பிள்ளை.

இனிமேல்தான் சங்கதி. ஜல்லிக்கு நடுவில் களை முளைக்கும். பார்த்தீனியம், அருகு, அம்மான் பச்சரிசி, எல்லாம் வரும். பிடுங்கிப் பிடுங்கி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மருந்து அடிக்கலாம் என்றால் வீட்டில் குழந்தை இருக்கிறது. யோசித்துப் பார்த்து, கல்லுப்பு வாங்கினேன். ஒரு மூட்டை. தண்ணீரில் கரைத்து ஜல்லியின் மேல் ஊற்றினேன். ஒரு வாரத்தில் களை எல்லாம் கருகிவிட்டது. விஷம் இல்லை, நாற்றம் இல்லை. சோற்றில் போடுகிற உப்புதானே. புரட்டாசியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை ஊற்றினேன். பாதை வழித்துவிட்டாற்போல இருந்தது.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. மழை விட்ட மூன்றாம் நாள் காலையில் வாரியோடு வந்து பார்க்கிறேன், புல்தரையில் மஞ்சள் திட்டு. ஒன்று இரண்டு இல்லை. பாதை ஓரமாகவே ஏழு.

வாரியை அப்படியே கீழே போட்டுவிட்டேன், தம்பி. உங்களுக்குப் புரியாது. இரண்டு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தது.

வீட்டில் அப்போது ஒரு நாய் இருந்தது. மிளகு என்று பெயர். கறுப்பு. தெருவில் குட்டியாகக் கிடந்ததை மிதுனா தூக்கிக்கொண்டு வந்து, அழுது, சாப்பிடாமல் கிடந்து, வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் கட்டிப் போட வேண்டும், முன்பக்கம் விடக்கூடாது என்பது ஒப்பந்தம். நாய் சிறுநீர் பட்டால் புல் மஞ்சளாகும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், போனில் போட்டுப் பாருங்கள், படத்தோடு வரும். அப்புறம் என்ன சாட்சி வேண்டும்?

மிதுனாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் வேலைக்குப் போன பிறகு மிளகை அவிழ்த்து முன்னாடி விடறியா?"

"இல்லைங்ப்பா."

"பொய் சொல்லக் கூடாது, சாமி."

"பொய் இல்லைங்ப்பா. பாருங்க, திட்டு எல்லாம் வரிசையா இருக்குது. மிளகு என்ன ஸ்கேல் வெச்சா ஒண்ணுக்குப் போவான்?"

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து நான் ஜல்லியை இன்னும் மெல்லிசாக வாரி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், நாயின் கால்தடம் விழுகிறதா பார்க்க. ஐந்து நாள் பார்த்தேன். ஒரு தடம்கூட இல்லை. அவ்வளவு தந்திரமான நாய்.

முன்பு என்னோடு வேலை செய்தவருக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு இருக்கிறது. காவலுக்கு நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, மிதுனா பள்ளிக்கூடம் போன நேரத்தில், மிளகைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். ஏழு ஏக்கர் தோப்பு. வாய்க்கால் ஓடுகிறது. நாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? மாலையில் அவளிடம் அதைத்தான் சொன்னேன். ஏழு ஏக்கர் என்று இரண்டு முறை சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பின்பக்கம் போனாள். நாய்ச் சங்கிலியை நன்றாகச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இது எங்க வைக்கட்டுங்ப்பா?" என்று கேட்டாள். மாடிப்படிக்குக் கீழே வை என்றேன். வைத்தாள். பிறகு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். பக்குவமான பெண் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பூங்கொடிதான் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள். சொன்னால் விட்டிருப்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

மார்கழித் தொடக்கத்தில் மறுபடியும் மூன்று நாள் மழை. மறுபடியும் மஞ்சள். இந்த முறை பதினான்கு.

மிதுனா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு படியில் நின்று பார்த்தாள். "அப்பா, மிளகுதான் இல்லையே" என்றாள்.

"அது பழைய விஷம், கண்ணு. மண்ணுக்குள்ள ஊறிப் போயிருக்கும். மழை வந்தா மேல வரும்."

அவள் குனிந்து கையால் பாதையிலிருந்து புல் வரைக்கும் காற்றிலேயே ஒரு கோடு இழுத்தாள். அப்போது அது என்ன விளையாட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மிதுனா ஒரு தட்டைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். குளித்து, பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி. பின்னாலேயே அவள் அம்மா. துணியை எடுத்தாள். தட்டில் இரண்டு கொட்டாங்கச்சி. இரண்டிலும் மண், இரண்டிலும் புல். நோட்டுத் தாளைக் கிழித்து ஒட்டியிருந்தாள். ஒன்றில் "சாதாத் தண்ணீர்." இன்னொன்றில் "உப்புத் தண்ணீர்." கீழே பென்சிலால் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி, ஒவ்வொரு நாளும் ஒரு டிக்.

"பாருங்கப்பா" என்றாள்.

நான் பார்த்தேன். கொரியன் புல்.

"இதை எங்க இருந்து எடுத்தே?" என்றேன்.

"முதல்ல பாருங்கப்பா. இது ஒம்பது நாளா—"

"எங்க இருந்து எடுத்தேன்னு கேட்டேன்."

அவள் கையைக் காட்டினாள். எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாவது கல்லுக்குப் பின்னால் இரண்டு குழி, தம்பி. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கத்தியால் சதுரமாக அறுத்து எடுத்திருக்கிறாள். நல்லாயிருந்த இடத்தில்! திட்டு விழுந்த இடத்தில் எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்பது நாளாக நான் காலையும் மாலையும் அந்தப் பக்கம் போயிருக்கிறேன், என் கண்ணில் படாமல் காய்ந்த இலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கத்தினேன். கத்தினேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. தெருவில் கீரை விற்கிற அம்மாள் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

நான் கத்தி முடிக்கும் வரை மிதுனா தட்டை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க, பொண்ணு என்ன காட்டறான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் பூங்கொடி. சத்தமாகச் சொல்லவில்லை.

"பார்த்தேன். ஒண்ணு பச்சையா இருக்குது, ஒண்ணு காஞ்சிருக்குது. கொட்டாங்கச்சியில புல் வெச்சா காயாம என்ன பண்ணும்?"

"ரெண்டும் கொட்டாங்கச்சிதானுங்க."

பச்சையாக இருந்ததை மிதுனாவையே எடுத்த இடத்தில் திரும்ப நடச் சொன்னேன். நட்டாள். செய்கிற வேலையில் ஒரு ஒழுங்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதோ, மூன்றாவது கல்லுக்கு அந்தப் பக்கம், வித்தியாசம் தெரிகிறதா பாருங்கள். தெரியாது. காய்ந்ததை நான் குப்பையில் போட்டேன். அந்தத் தாளை மட்டும் அவள் கிழித்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உப்பா? இப்போது ஊற்றுவதில்லை. மாசியில் மூட்டை தீர்ந்துபோயிற்று, மறுபடி வாங்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. கையாலேயே களை எடுக்கிறேன். அதற்குப் பிறகு மஞ்சள் வரவில்லை. சித்திரையில் நல்ல கோடை மழை பெய்தது, அப்போதும் வரவில்லை. மண்ணில் ஊறின விஷம் போக அத்தனை மாதம் ஆகும் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிணத்துக்கடவு போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள், சும்மா அந்தப் பக்கம் போக வேண்டும் போல இருந்தது. சங்கிலியைக் காரில் எடுத்து வைத்திருந்தேன். தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு சொன்னார்: "அந்த நாய்ங்களா? வந்த பத்தாம் நாளே கயித்தைக் கடிச்சுட்டு ஓடிப்போச்சுங்களே. உங்க வீட்டுக்கு வரலீங்களா?"

வரவில்லை. முப்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் எத்தனை ரோடு. நான் வீட்டில் சொல்லவில்லை. சங்கிலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மிதுனா எப்போதாவது, "மிளகு எப்படி இருக்கானாம்?" என்று கேட்பாள். நன்றாக இருக்கிறான் என்பேன். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

வைகாசிக்கு வருகிறேன். டீச்சர்களுக்கு வருடா வருடம் மாறுதல் கலந்தாய்வு நடக்கும். காலியிடப் பட்டியலைத் திரையில் போடுவார்கள், வரிசைப்படி கூப்பிடுவார்கள். பூங்கொடி போய்விட்டு வந்து, "தாராபுரம் கிடைச்சிருக்குதுங்க" என்றாள். இங்கிருந்து தினமும் போய் வர முடியாது. மற்ற வீடுகளில் மாறுதல் வந்தால் அதை ரத்து செய்ய ஆள் பிடித்து அலைவார்கள். இவள் அலையவில்லை. அங்கே ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தாள். மிதுனாவும் கூடப் போய்ப் பார்த்தாள். ரோட்டை ஒட்டிய வீடு, தம்பி. படி இறங்கினால் சாக்கடை, சாக்கடையைத் தாண்டினால் பஸ் போகிறது. வாசலில் ஒரு கைப்பிடி மண் கிடையாது.

பூங்கொடியோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவரைக் கடைவீதியில் பார்த்தேன். "கஷ்டமா இருக்குங்க, இவ்வளவு தூரம் தள்ளிவிட்டாங்க" என்று நான் சொன்னதற்கு அந்த அம்மாள் முழித்தார்கள். "தள்ளிவிடலீங்களே சார். சூலூரும் காலியா இருந்துச்சு. மேடம்தான் பட்டியலைப் பார்த்துட்டுத் தாராபுரம்னு சொன்னாங்க" என்றார்கள். கூட்டத்தில் அவர்களுக்குச் சரியாகக் காதில் விழுந்திருக்காது. சூலூர் இங்கிருந்து ஒரு மணி நேரம். கணக்கு டீச்சர் ஒருத்திக்கு ஒரு மணி நேரத்துக்கும் அவ்வளவு தூரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? நான் வீட்டில் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு வருத்தமாக இருக்கும்.

மிதுனா அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? "இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறவன் நான்தான். போகிற வழியில் வாய்ப்பாடு கேட்பேன், அவள் சொல்வாள். அம்மை போட்டு இருபது நாள் கிடந்தபோது வேப்பிலையால் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்காகக் கேட்டைத் திறப்பது? இதைப் பூங்கொடியிடம் இப்படிச் சொல்லவில்லை. வாட்டர் டேங்க் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன்.

"அவளையே கேளுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்களும் மிரட்டக் கூடாது. அவ எங்கே சொல்றாளோ அங்கே" என்றாள் பூங்கொடி.

எனக்கு அதில் பயமில்லை. சொந்த வீடு, பழகின தெரு, தோழிகள் எல்லாரும் இங்கே. எந்தப் பிள்ளை போகும்? இருந்தாலும் பத்து நாள் தவணை கேட்டேன். அந்தப் பத்து நாளும் நான் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் விழுந்து மொட்டையாகிப்போன இடம் ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, புது மண் போட்டு, நர்சரியிலிருந்து புல் பாளம் கொண்டுவந்து பதித்தேன். இருபத்தொரு இடம். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர். ஜல்லியில் மண் ஏறியிருந்ததைச் சலித்துக் கழுவிப் போட்டேன். கேட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். முதுகு விட்டுப்போயிற்று. மிதுனா மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், போய்விடுவாள். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. வெயில் சாய்ந்து, புல்லின் மேல் சரியாக விழுகிற நேரம். அந்த நேரத்தில்தான் அதைப் பார்க்க வேண்டும். மிதுனாவைக் கூப்பிட்டேன். வந்தாள். முதல் கல்லில் நின்றாள். பூங்கொடி சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள், படியைவிட்டு இறங்கவில்லை.

"எப்படி இருக்குது, சாமி?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்ப்பா."

"இனிமே நீ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் இதுல நடக்கலாம். செருப்பு இல்லாம. தோழிங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாம். ரெண்டு பேர்னா ரெண்டு பேர்." 

தம்பி, இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் அண்ணன் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அவளுக்குத்தான் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். கீழே பார்த்தாள். புதுப் பாளத்துக்கும் பழைய புல்லுக்கும் நடுவில் சின்னதாகக் கோடு தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே இறங்கி நடந்து பார்க்கிறியா?" என்றேன்.

"வேண்டாங்ப்பா. இப்பத்தானே வெச்சிருக்கீங்க. அமுங்கிரும்."

"பரவாயில்லை, நட."

"வேண்டாங்ப்பா."

சரி என்று விட்டுவிட்டேன். கட்டாயப்படுத்தக் கூடாது என்று பேச்சு. நேராகக் கேட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்லு. அங்கே வாசல்லயே பஸ்ஸு. புழுதி. நிக்க இடம் கிடையாது. இங்கே இவ்வளவு இடம் இருக்குது. உனக்கு எது வேணும்?"

"தெரியுங்ப்பா. நான் போய்ப் பார்த்தேனே" என்றாள். "நான் சொன்னா கத்த மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கத்தப்போறேன்? சொல்லு."

அவள் ஒரு முறை அம்மாவைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு தாராபுரம் போகிறேன் என்றாள்.